காலாங் ஆற்றோரத்துக்கு மூன்று மாடல்கள்: வெப்பம், வெள்ளம், உயிரினம்

ஒரு நிலத்தில் வீடு கட்டலாமா, மரம் வைக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று சொல்லும் வரைபடத்தை இன்று யார் வேண்டுமானாலும் போடலாம். மென்பொருள் இலவசம், செயற்கைக்கோள் படம் இலவசம், அரசாங்கத் தரவும் பெரும்பாலும் இலவசம். சிக்கல் அதற்கப்புறம்தான் வருகிறது. வெப்பத்துக்கு ஒரு கணினி மாடல், மழைநீருக்கு ஒன்று, பறவை விலங்குகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக ஓட்டி முடித்த பிறகு மூன்றையும் எப்படி ஒன்றாகப் பார்ப்பது? ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்து, கூட்டி, ஒரே மதிப்பெண் ஆக்குவதுதான் பலரும் செய்வது. காலாங் ஆற்றின் நடுப்பகுதிக்கு இதைச் செய்து பார்த்தேன். அந்தக் கூட்டல் எதை மறைக்கிறது, கூட்டாமல் எப்படிச் சேர்க்கலாம் என்பதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

காலாங் சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, பீஷான், தோ பாயோ, பொத்தோங் பாசிர் வழியாக சுமார் 10 கிலோமீட்டர் ஓடி காலாங் பேசினில் சேர்கிறது. இந்த ஆற்றிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் சுமார் 8 லட்சம் பேர் வசிப்பதாக நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் கணக்குச் சொன்னது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள், பள்ளித் திடல்கள், பழைய தொழிற்பேட்டைகள், விரைவுச்சாலை எல்லாம் ஆற்றை ஒட்டியே இருக்கின்றன. நாட்டின் மொத்த நிலமே சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். இங்கே காலியாகத் தெரியும் ஒவ்வொரு துண்டுக்கும் பல பேர் காத்திருக்கிறார்கள். நானும் இந்த ஆற்றோரத்தில் வசிப்பவள் என்பதால், வரைபடம் சொல்வது சரியா என்று நடந்தே போய்ப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் கொண்டுவருவது

முதல் வேலை அலுப்பானது, ஆனால் இதில் சறுக்கினால் மேலே எதுவும் நிற்காது. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று அரசாங்கம் வகுத்த பெருந்திட்டம் 2019இன் நிலப் பயன்பாட்டு அடுக்கை அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலிருந்து இறக்கினேன். ஒவ்வொரு மனைக்கும் என்ன பயன்பாடு, எவ்வளவு கட்டட விகிதம் (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம்) என்று அதில் இருக்கும். கட்டட விகிதப் பத்தியில் எண்கள் மட்டும் இருப்பதில்லை. இனிமேல்தான் மதிப்பிடப்படும், விவரத் திட்டம் இன்னும் வரவில்லை என்பதைக் குறிக்கும் எழுத்துக் குறிகளும் நடுநடுவே வரும். அவற்றைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மனைகளைத் தனியே பிரித்து வைத்தேன். முடிவு இன்னும் எடுக்கப்படாத நிலம் அதுதான். இந்த வேலையே அதற்காகத்தான்.

இன்னொன்று, பெருந்திட்டம் சொல்வது நாளைக்கு என்ன வரலாம் என்பதை. இன்றைக்கு அங்கே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. குடியிருப்பு என்று நிறம் தீட்டிய மனையில் இன்று மரம் அடர்ந்திருக்கலாம். அதனால் தரையில் இப்போது என்ன இருக்கிறது என்பதற்கு வேறு வரைபடம் வேண்டும். சென்டினல் 2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் பிக்சலில் கிடைக்கின்றன. மரக்கூரை, புல், தார் மற்றும் கான்கிரீட், கட்டடம், நீர் என்று அவற்றை வகைப்படுத்தினேன். சிங்கப்பூர் முழுமைக்கும் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட, இதைவிட நுணுக்கமான தரைப்பரப்பு வரைபடம் ஒன்றும் பொதுவில் இருக்கிறது. என் வகைப்பாட்டை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் எல்லா அடுக்குகளையும் சிங்கப்பூரின் சொந்த ஆயத்தொலை முறையான எஸ்விஒய்21க்கு மாற்றி, 10 மீட்டர் கட்டத்தில், ஒரே மூலையிலிருந்து தொடங்கும்படி வெட்டினேன். கியூஜிஐஎஸ் மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வகை எண்கள் உள்ள படத்தைப் புதிய கட்டத்துக்கு மாற்றும்போது பக்கத்துப் பிக்சலை அப்படியே எடுக்கும் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். சராசரி எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் நீருக்கு 3, கட்டடத்துக்கு 7 என்று வைத்திருந்த இடத்தில், இரண்டுக்கும் நடுவே 5 வந்து நிற்கும். அந்த 5 உங்கள் பட்டியலில் புல்லாக இருந்தால், கால்வாய்க் கரை நெடுக இல்லாத புல்வரிசை ஒன்று முளைத்துவிடும். உயிரின மாடல் அதை அழகான பாதையாக எடுத்துக்கொள்ளும்.

பரப்பளவும் ஒன்றாக இருக்க முடியாது. நான் விடை தேடியது தோ பாயோ, பொத்தோங் பாசிர், வாம்போ, பூன் கெங் அடங்கிய பகுதிக்கு. ஆனால் தண்ணீருக்கு மேலிருந்து வரும் நிலம் முழுவதும் வேண்டும், அதாவது லோவர் பியர்ஸ் வரை. பறவைகளுக்கு மத்திய நீர்ப்பிடிப்புக் காடு வரை வேண்டும். அவை புறப்படும் இடம் அது. வெப்பத்துக்கு இவ்வளவு தூரம் தேவையில்லை. ஆகவே ஒவ்வொரு மாடலையும் அதற்கேற்ற பெரிய பரப்பில் ஓட்டி, கடைசியில் ஒரே சதுரத்துக்கு வெட்டினேன்.

வெப்பம்: பகல் ஒரு கதை, இரவு வேறு கதை

லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை சிங்கப்பூருக்கு மேலே வருகின்றன. வந்தால் என்ன, பாதிக்கு மேல் மேகம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் ஒரே படத்தை நம்பி உட்கார முடியாது. பல ஆண்டுப் படங்களை எடுத்து, மேகப் பிக்சல்களை நீக்கி, மிச்சத்தின் நடுமதிப்பை எடுத்தேன். வெப்பப் பட்டையில் வரும் எண்ணை 0.00341802ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வின் வரும். 46,000 என்ற எண்ணுக்கு இது 306.2 கெல்வின், அதாவது 33 டிகிரி செல்சியஸ். படம் 30 மீட்டர் பிக்சலில் வந்தாலும் வெப்ப உணரியின் உண்மையான அளவு 100 மீட்டர். ஒரு புளோக், அதன் கார் நிறுத்துமிடம், பக்கத்துப் புல்வெளி எல்லாம் கலந்த ஒரே எண் அது. ஒரு புளோக் சூடு, அடுத்த புளோக் குளிர்ச்சி என்று இந்தப் படத்தை வைத்துப் பேசக் கூடாது.

இதைவிட முக்கியமான கேள்வி நேரம். செயற்கைக்கோள் கடப்பது காலை 11 மணியை ஒட்டி, வெயில் உச்சிக்கு ஏறும் வேளை. அளப்பது தரை, கூரை ஆகியவற்றின் மேற்பரப்புச் சூட்டை. ஆனால் வீவக வீட்டில் ராத்திரி மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தும் தூக்கம் வராமல் புரள்பவருக்குத் தொல்லை தருவது இரவுக் காற்றின் சூடு. சிங்கப்பூரில் நகரத்துக்கும் காட்டோரத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் சூரியன் மறைந்த பிறகுதான் உச்சத்துக்குப் போகிறது. 7 டிகிரி வரை அளந்திருக்கிறார்கள். பகலெல்லாம் வாங்கி வைத்த வெப்பத்தைக் கான்கிரீட் இரவில்தான் வெளியே விடுகிறது.

ஸ்டான்ஃபோர்டின் இயற்கை மூலதனத் திட்டம் வெளியிடும் இன்வெஸ்ட் மென்பொருள் தொகுப்பில் நகரக் குளிர்ச்சிக்கு ஒரு மாடல் இருக்கிறது. பகலுக்கு அது மரநிழலுக்கு 0.6, வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் தன்மைக்கு 0.2, செடிகள் நீராவி விடுவதற்கு 0.2 என்று எடை கொடுத்துக் கணக்கிடுகிறது. 2 ஹெக்டேரைத் தாண்டும் பசுமைப் பரப்பு சுற்றுப்புறத்தையும் குளிர்விப்பதாகச் சேர்த்துக்கொள்கிறது. இரவுக்கு வேறு வழி: கட்டட அடர்த்தியை வைத்துக் கணக்கிடலாம். நான் இரண்டையும் ஓட்டி, தனித்தனி அடுக்காகவே வைத்துக்கொண்டேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது புல்திடல்கள். மரமில்லாத, கட்டையாக வெட்டிய புல்திடல் பகல் படத்தில் சிவப்பாக இருக்கும். நிழல் இல்லை, வறண்ட வாரங்களில் புல்லில் ஈரமும் இல்லை. இரவுப் படத்தில் அதே திடல் நீலமாகிவிடும். தலைக்கு மேல் திறந்த வானம் இருப்பதால் சூடு சீக்கிரம் வெளியேறுகிறது. பகலும் இரவும் கலந்த சராசரியில் அந்தத் திடல் வெறும் மஞ்சளாகத் தெரியும். அந்த மஞ்சளை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது.

தண்ணீர்: கட்டடம் மலையாகத் தெரியும் வரைபடம்

இந்தப் பகுதிதான் அதிக நேரத்தை எடுத்தது. நீர் எங்கே போகும் என்று கணிக்க நில உயரம் வேண்டும். எல்லாருக்கும் கிடைக்கும் கோப்பர்னிக்கஸ் உயரப் படம் 30 மீட்டர் பிக்சல். ரேடார் எதில் பட்டுத் திரும்பியதோ அதன் உயரத்தைத்தான் அது காட்டும். ஆகவே வீவக புளோக்குகள் குன்றுகளாக நிற்கும், மரக்கூட்டம் மேடாகும். கணினியில் மழையை ஊற்றினால் தண்ணீர் புளோக்கின் உச்சியிலிருந்து நாலாபுறமும் இறங்கி, கார் நிறுத்துமிடத்தில் குளமாகி நிற்கும். பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு இதே படத்திலிருந்து கட்டடத்தையும் மரத்தையும் கழித்து ஃபாப்டெம் என்ற பதிப்பை வெளியிட்டிருக்கிறது. அதை எடுத்தபின் குன்றுகள் பெரும்பாலும் மறைந்தன, எல்லாமும் அல்ல.

மறையாத இன்னொரு விஷயம் படத்தின் வயது. மூல ரேடார் தரவு 2010களின் முதல் பாதியில் எடுத்தது. என் சதுரத்தின் கிழக்கு ஓரத்தில் பிடாடரி இருக்கிறது. கிறிஸ்துவர், முஸ்லிம், இந்து என்று எல்லாருக்கும் இடமிருந்த பழைய இடுகாடு. அதில் அடக்கம் செய்வது 1972இல் நின்றது. கல்லறைகள் அகற்றப்பட்டு, இப்போது புளோக்குகளும் 10 ஹெக்டேர் பூங்காவும் வந்துவிட்டன. பூங்காவுக்குள் இருக்கும் அல்காஃப் ஏரி, பலத்த மழையில் நீரைத் தேக்கி வைக்கும் குளமாகவும் வேலை செய்கிறது. உயரப் படத்துக்கு இந்த ஏரி தெரியாது. அதைக் கையால் வரைந்து சேர்த்தேன்.

கால்வாய்களுக்கும் அதே கதி. காலாங் ஆறு பல இடங்களில் கான்கிரீட் கரைக்குள் ஓடுகிறது. 30 மீட்டர் பிக்சலில் அது காணாமல் போய்விடும். கால்வாய்க் கோட்டை உயரப் படத்தின் மேல் வைத்து, அந்தப் பிக்சல்களைச் சில மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிவிட வேண்டும். சாலைக்கு அடியில் போகும் நீர்வழிகள் மேலிருந்து தெரியவே தெரியாது. கால்வாய் பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் என் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கிறார். கோப்பிக்கடையில் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். நீலக் கோடு ஒன்றின் மேல் விரலை வைத்து, “இங்க தண்ணி அந்தப் பக்கம் போகாதும்மா. ரோட்டுக்கு அடியில பாக்ஸ் கல்வெர்ட்டு இருக்கு, நேரா ஆத்துக்குப் போயிடும்” என்றார். “அப்ப இந்த பஸ் ஸ்டாப் பக்கம் ஏன் அங்கிள் தேங்குது?” என்று கேட்டேன். “அது ஆத்துத் தண்ணி இல்ல. லோங்காங்ல எல சேந்துரும், வாய் அடச்சுக்கும். மழ விட்டா கொஞ்ச நேரத்துல வடிஞ்சிரும்.” மாடல் அந்த இடத்தில் தண்ணீர் நிற்பதாகச் சொல்லவேயில்லை. லோங்காங் என்று அவர் சொன்ன சாலையோர வடிகாலின் இலை அடைப்பு எந்த மாடலிலும் வராது. அவர் காட்டிய கல்வெர்ட்டைச் சேர்த்தபின் இரண்டு தெருக்களின் நீர் போகும் திசையே மாறிவிட்டது.

இப்போது எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வி. இன்வெஸ்டின் நகர வெள்ள மாடல் அமெரிக்க வேளாண் துறை உருவாக்கிய வளைவு எண் முறையைப் பயன்படுத்துகிறது. மழைநீர் எவ்வளவு ஓடிவிடும் என்பதற்கு ஒவ்வொரு தரைக்கும் 100க்குள் ஓர் எண், எண் பெரிதானால் ஓடும் நீரும் அதிகம். கான்கிரீட்டுக்கு எண் 98. நீர் எளிதில் இறங்காத மண்ணில் நல்ல புல்வெளிக்கு 80. 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் கான்கிரீட்டிலிருந்து 94 மில்லிமீட்டர் ஓடிவிடும், புல்வெளியிலிருந்து சுமார் 50. ஒரு ஹெக்டேருக்கு இந்த வித்தியாசம் 430 கன மீட்டருக்கு மேல். இங்கே நிலத்தில் பெரும்பகுதி வெட்டி, நிரப்பி, இறுக்கிய மண். ஆகவே புல்வெளிக்கு இதைவிடத் தாராளமான எண் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த மாடலுக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதைத் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு பிக்சலையும் அது தனித்தனியாகக் கணக்கிடுகிறது. மேலிருந்து வந்து சேரும் நீரை அது பார்ப்பதில்லை. மேட்டில் இருக்கும் புல்வெளிக்கும் ஆற்றங்கரைப் பள்ளத்தில் இருக்கும் புல்வெளிக்கும் ஒரே மதிப்பெண். ஆனால் வெள்ளத்தில் இரண்டும் ஒன்றா? அதனால் இன்னொரு அடுக்கு சேர்த்தேன்: ஒவ்வொரு பிக்சலும் தன் நீர் போய்ச் சேரும் கால்வாயைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. உயரப் படத்தின் பிழையே சில மீட்டர் இருக்கும் என்பதால், மிகத் தாழ்வு, நடுத்தரம், மேடு என்று மூன்றே வகைகளோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குமேல் நுணுக்கமாகப் பிரித்தால் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகிவிடும்.

வளைவு எண் முறை நாள் முழுவதும் பெய்யும் மழையை மனத்தில் வைத்து உருவானது. நம் ஊர் மழை அப்படியில்லை. விடியற்காலையில் சுமத்ரா காற்றோடு வந்து ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். கால்வாய் நிரம்புவது மொத்த அளவைவிட வேகத்தால்தான். அதற்கு நாட்டின் நீர் நிர்வாக அமைப்பான பியுபியின் வடிகால் விதித்தொகுப்பில் உள்ள சூத்திரம் போதும்: ஓடும் விகிதம் (பெய்த மழையில் ஓடிவிடும் பங்கு), மழை வேகம், பரப்பு மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுப்பது. தோட்டம் துரவுக்கு ஓடும் விகிதம் 0.45, நெருக்கமான குடியிருப்புக்கு 0.80, தார்ச்சாலைக்கு 1. மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் ஒரு ஹெக்டேர் தோட்டத்திலிருந்து விநாடிக்கு 125 லிட்டர் வரும், குடியிருப்பிலிருந்து 222 லிட்டர். மொத்த அளவுக்கு வளைவு எண், வேகத்துக்கு இந்தச் சூத்திரம் என்று பிரித்துக்கொண்டேன். மழை வேகத்தை ஊகிக்க வேண்டியதில்லை. தீவெங்கும் உள்ள மழைமானிகளின் 5 நிமிட அளவுகள் திறந்த தரவாகவே கிடைக்கின்றன.

உயிரினம்: யாருக்குப் பாதை?

இணைப்புப் பாதைகளுக்குச் சர்க்கிட்ஸ்கேப். நிலத்தை மின்தடைப் பலகையாக எடுத்துக்கொண்டு, இரண்டு பசுமையிடங்களுக்கு நடுவே மின்னோட்டம் எங்கெல்லாம் பாய்கிறது என்று பார்க்கும் மென்பொருள் அது. எந்த உயிரினத்துக்கு என்று முடிவு செய்யாமல் இதை ஓட்டினால் வரும் படத்துக்கு அர்த்தமே இல்லை. நான் இரண்டை எடுத்தேன். மரம்விட்டு மரம் போகும் காட்டோரப் பறவைகள் ஒன்று. காலாங் ஆற்றை வீடாக்கிக்கொண்ட நீர்நாய்கள் இன்னொன்று.

இரண்டின் வரைபடமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே போகாது. பறவைக்குச் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி போன்ற மரங்கள்தான் வழி, அகன்ற கால்வாய் அந்த வழியில் விழும் இடைவெளி. நீர்நாய்க்குக் கால்வாய்தான் நெடுஞ்சாலை. ஆனால் நடுநடுவே ஏறி உடம்பை உலர்த்த, மணலில் புரள, குட்டிகளோடு ஒதுங்கக் கரை வேண்டும். செங்குத்தான கான்கிரீட் சுவர் மட்டும் நீண்டுகொண்டே போகும் இடம் அதற்குத் தடைதான். எந்தத் தரையைக் கடப்பது எவ்வளவு கடினம் என்ற தடை மதிப்புகளை நாமே கொடுக்கிறோம், அளந்து யாரும் தருவதில்லை. அதனால் அவற்றை ஏற்றியும் இறக்கியும் திரும்பத் திரும்ப ஓட்டி, எப்படி மாற்றினாலும் அழியாமல் நிற்கும் பாதைகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கூட்டினால் என்ன ஆகிறது

சரி, மூன்றுக்கும் சம எடை கொடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அழகான படம் வந்தது. பச்சையெல்லாம் காப்பாற்ற வேண்டியது, சிவப்பெல்லாம் கட்டலாம். மூன்று மாடலும் ஒத்துப்போவது போலத் தெரிந்தது. அந்த ஒற்றுமையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பகல் வெப்ப மாடலில் மரக்கூரை இருக்கிறது. வளைவு எண்ணிலும் இருக்கிறது, பறவை மாடலின் தடையிலும் இருக்கிறது. மூன்றும் தின்பது ஒரே தரைப்பரப்பு வரைபடத்தை. ஒரே சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றிவிட்டு மூன்று சாட்சி சொல்லியாகிவிட்டது என்பது போல ஆகிவிடும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மரக்கூரை விகிதத்தை மட்டும் வைத்து மூன்று மாடல்களின் விடையையும் ஊகித்துப் பாருங்கள். எனக்குப் பெரும்பகுதி அதிலேயே வந்துவிட்டது. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வரைந்தால்தான் ஒவ்வொரு மாடலும் தனியாகச் சொல்ல வந்த செய்தி தெரிகிறது. மரமே இல்லாவிட்டாலும் வெள்ளத்துக்கு முக்கியமான இடம் எது, மரம் இருந்தும் பறவை போகாத இடம் எது, பகலில் சூடாக இருந்தும் இரவில் குளிரும் இடம் எது என்பவை அந்த மிச்சத்தில்தான் இருந்தன.

பொத்தோங் பாசிர் பக்கம் ஆற்றை ஒட்டிய ஒரு புல்திடல் இதற்கு நல்ல உதாரணம். கூட்டல் படத்தில் அது சிவப்பு. பகலில் சூடு, காட்டோரப் பறவைக்கு உதவாது, புல்லின் வளைவு எண்ணும் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. மூன்றிலும் குறைவு, ஆகவே கட்டலாம் என்று வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் அது இரவில் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த இடம், கால்வாய்க்கு மேல் அதிக உயரமில்லாத, மிகத் தாழ்வு என்ற வகையில் வரும் நிலம், நீர்நாய்ப் பாதையில் கரைக்கு ஏற வசதியான சில இடங்களில் ஒன்று. மதிப்பெண் குறைவான அந்தத் திடலுக்குத்தான் இங்கே மாற்றே இல்லை.

மேலே பீஷானில் என்ன செய்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். பீஷான் அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழை கொட்டும்போது ஆறு கரையேறிப் பூங்காப் புல்வெளியில் பரவும், அப்புறம் வடியும். ஒரே பிக்சல் காலையில் பூங்கா, புயல்மழையில் ஆறு, இரவில் குளிர்காற்று. இதை ஒரு வகை எண்ணுக்குள் அடைக்க முடியாது.

கூட்டுவதற்குப் பதிலாக

நான் கடைசியில் செய்தது இது. ஒவ்வொரு அடுக்கையும் முக்கியம், சாதாரணம் என்று இரண்டாக மட்டும் பிரித்து, எல்லாச் சேர்க்கைகளையும் தனித்தனி நிறமாகக் காட்டினேன். வெள்ளத்துக்கு மட்டும் முக்கியம் என்பது ஒரு நிறம், வெள்ளத்துக்கும் இரவு வெப்பத்துக்கும் என்பது இன்னொரு நிறம். எல்லாம் ஒத்துப்போகும் இடங்களில் விவாதமே தேவையில்லை. ஒத்துப்போகாத இடங்களைப் பட்டியலிட்டு நடந்து போய்ப் பார்த்தேன். பட்டியல் பெரிதாக இல்லை.

அப்படிப்பட்ட இடங்களுக்கு மட்டும் மாற்றங்களைச் செய்து மாடல்களை மறுபடி ஓட்டினேன். மாடல்களை உண்மையாக இணைக்க வேண்டிய இடம் இதுதான். தரைப்பரப்பை ஒருமுறை மாற்றினால் அந்த ஒரே மாற்றம் எல்லா மாடலுக்கும் போக வேண்டும். விடையில் முழு மதிப்பைவிட, இன்றைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தேன். மாடலில் எப்போதும் இருக்கும் ஒருபக்கப் பிழை இரண்டு கணக்கிலும் ஒன்றாக இருந்து கழிந்துவிடும்.

அந்தத் திடலில் புளோக்குகள் வந்தால் என்ன? இங்கே உள்ளூர் விதியையும் மாடலுக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. 2014 முதல், 0.2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர்கள் 10 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழைக்கு, ஓடும் விகிதம் 0.55க்கு மேல் போகாதபடி தொட்டி கட்டியோ தோட்டம் அமைத்தோ நீரைப் பிடித்து வைக்க வேண்டும். ஆகவே ஹெக்டேருக்கு 222 லிட்டர் என்று பயமுறுத்த வேண்டாம், அந்த அளவு மழையில் 153 லிட்டர். அதே நேரம் அதைவிடப் பெரிய மழையில் தொட்டி நிரம்பிவிடும். புக்கிட் தீமாவில் 2021 ஏப்ரல் 17 அன்று 170.6 மில்லிமீட்டர் கொட்டியதை நினைவில் வைக்க வேண்டும். இரவு வெப்பம் ஏறுகிறது, நீர்நாய்க்குக் கரை போகிறது.

அடர்ந்து மரம் வைத்தால் பகல் வெப்பமும் பறவைப் பாதையும் நன்றாகின்றன. இரவில் அடர்ந்த மரக்கூரை தரையின் சூடு வானத்துக்குப் போவதைச் சற்றுத் தடுக்கும் என்பதால் அங்கே லாபம் அவ்வளவு இல்லை. இன்வெஸ்ட் இந்த நுணுக்கத்தைப் பிடிக்காது, நாமாகத்தான் எழுதி வைக்க வேண்டும். திடலைச் சற்றுத் தாழ்த்தி, ஆற்றுப் பக்கம் சரிவான கரை விட்டு, விளிம்பில் மட்டும் மரம் வைப்பது எந்த ஒரு மாடலிலும் முதலிடம் வரவில்லை. ஆனால் எதிலும் கடைசியாகவும் வரவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். வீடு கிடைக்காமல் காத்திருக்கும் இளம் தம்பதிகளுக்கு அது ஒரு வீடும் தராது என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்த வீடுகளை ஆற்றைவிட்டுத் தள்ளி, மேட்டில் உள்ள பழைய தொழிற்பேட்டை நிலத்தில் வைத்து ஓட்டிப் பார்த்ததில், எந்த அடுக்கும் மோசமாகவில்லை. அங்கே ஏற்கெனவே தரை முழுக்க கான்கிரீட்.

இதை உங்கள் வட்டாரத்துக்குச் செய்ய நினைத்தால் கால்வாயிலிருந்து தொடங்குங்கள். கால்வாய்க் கோடும் சாலைக்கடி நீர்வழியும் சரியாக இல்லாவிட்டால் மற்ற அடுக்குகளில் செலவிடும் நேரம் வீண். நான் அடுத்து வாம்போ ஆற்றைச் சேர்க்கப் போகிறேன். மழைமானிகளின் 5 நிமிட அளவுகளைக் கொண்டு, தண்ணீர் தேங்கியதாகத் தெரிந்த நாட்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கிளும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.